வலைமண்டலத்து மங்கிய கொத்து



வெறுங் கண்ணால் இதுவரை எவரும் கண்டிராத, இனியும் காண இயலாத ஒரு சிறு விண்மீன் கூட்டத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வானநூலார் அதற்கு 'ரெட்டிகுலம் கொத்து' என்று பெயரிட்டிருக்கிறார்கள். ரெட்டிகுலம் என்பது சிறு வலை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல். ஆகவே நாம் அதனை வலைக் கொத்து என்றே வழங்கலாம். அது நம்முடைய பால்வீதியைச் சேர்ந்ததன்று. பால்வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றண்டத்தைச் சேர்ந்தது. அந்தச் சிற்றண்டத்தின் நடுவிலும் இராமல், ஊருக்குப் புறத்தே கட்டிய தனிக் குடிசையைப் போல, எல்லைப்புறத்தில் ஒதுங்கிக் கிடப்பது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதனால் ஆவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கொத்து ஆண்டுதோறும் பனிக்காலத்து இரவுகளில் நம்முடைய தென்வானத்தைக் கடந்தே செல்கிறது என்பது ஒரு விடை. அதைவிடப் பெரிய விடை ஒன்று உண்டு. அந்தக் கொத்தின் தூரத்தை மனிதன் அறிந்துகொண்டது, விண்மீன்களின் ஒளி ஏறுவதையும் இறங்குவதையும் இரவிரவாகக் குறித்துவைக்கும் ஒரு கலையினால். அந்தக் கலை 150 ஆண்டுகளுக்கு முன்பே நம் நுங்கம்பாக்கத்தில் பழகப்பட்டது. அங்கே ஒரு தமிழ்நாட்டு அறிஞர் கண்டுபிடித்த மீன், வானத்தில் இந்தக் கொத்துக்கு நாலே பாகை தள்ளி நிற்கிறது.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொங்கலை ஒட்டிய நாட்களில் இரவு 9 மணிக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கமாக, தென்கிழக்கில், வெண்மையாக ஒளிவிடும் மீன் ஒன்று தெரியும். அதுவே அகத்திய மீன். வலக்கைப் பக்கமாக, தென்மேற்கில், அதனினும் தாழ்வாக மற்றொரு மீன் தெரியும். அதற்கு அக்கர்னார் என்று பெயர். இவ்விரண்டுக்கும் நடுவில், நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் வலைக் கொத்து இருக்கிறது. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் நம் கைமுட்டி வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். ஆக, அடிவானத்தின்மேல் இரண்டு முட்டி அளவுக்குச் சற்றுக் குறைவான உயரம். அங்கே ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தை ஏன் காட்டுகிறீர்கள் என்று சிரிக்காதீர்கள். வரைபடத்தில் நகரங்களைக் குறிக்கும்போது நாம் அவற்றைக் கண்டா குறிக்கிறோம்?

அதே திசையில், இன்னும் தாழ்வாக, ஒரு மணி நேரம் கழித்து நேர் தெற்கே வருவது பெரிய மகெல்லன் மேகம். மேகம் என்று பெயரே தவிர அது மழைமேகம் அன்று. பல கோடி விண்மீன்கள் சேர்ந்த ஓர் அண்டம். 1519-இல் புறப்பட்ட மகெல்லனின் கப்பற் பயணத்தை ஒட்டி ஐரோப்பியர் அதற்கு அந்தப் பெயரை வழங்கினர். நமக்கு அதன் தூரம் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு. ஒளி நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் ஓடுவது. அது ஓராண்டு ஓடும் தூரமே ஓர் ஒளியாண்டு. பால்வீதியோடு ஒப்பிட்டால் மகெல்லன் மேகம் சிறியது. அதனால் சிற்றண்டம் என்கிறோம். பால்வீதியைச் சுற்றியுள்ள மற்றச் சிற்றண்டங்களோடு ஒப்பிட்டாலோ, அதுவே அவற்றுள் மூத்த அண்ணன். ஆவடியிலிருந்து பார்த்தால் அதன் நடுப்பகுதி அடிவானத்துக்கு மேல் 7 பாகைதான் ஏறும். ஒரு முட்டிகூட இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் விளக்குகளும், தொழிற்பேட்டைகளின் புகையும், காற்றிலே மிதக்கும் தூசியும் அந்த 7 பாகையை முழுவதும் விழுங்கிவிடுகின்றன. தென்கோடியில், குமரிமுனையில், அது 12 பாகை வரை உயரும்.

வலை என்று சொன்னேன். வானத்தின் அந்தப் பகுதிக்கு வலை என்னும் பெயரை நிலைநாட்டியவர் லக்காய் என்ற பிரெஞ்சு வானநூலார். 1751-இலும் 1752-இலும் அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை அளந்தார். மீன்பிடிக்கும் வலையை அவர் எண்ணவில்லை. தம் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு அருகே, மீன்களின் இடத்தை அளப்பதற்காக அமைத்திருந்த குறுக்குக் கம்பிகளைத்தான் அவ்வாறு வானத்தில் ஏற்றி வைத்தார். வேடரையும் வீரரையும் விலங்குகளையும் வானத்தில் ஏற்றிய பழங்காலத்தை நினைக்கையில், ஓர் உழைப்பாளி தம் கருவியையே ஏற்றி வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி நுங்கம்பாக்கத்துக்கு வருவோம். சென்னை வானோக்கு நிலையத்தின் கட்டடம் அங்கே 1792-இல் எழுந்தது. அப்போது நாட்டிய கருங்கல் தூண் ஒன்று, தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டு, இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. 1861 முதல் 1891-இல் தாம் இறக்கும்வரை அந்த நிலையத்தின் தலைவராக இருந்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். விண்மீன்களை ஒளியின் அளவுபற்றி முதல் தரம், இரண்டாந் தரம், ஆறாந் தரம் என்று பிரிப்பது மிகப் பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு கணக்கை 1856-இல் வகுத்துத் தந்தவர் இந்தப் போக்சனே. ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்பது அவர் கணக்கு. உலகமெங்கும் இன்றும் அதுவே வழக்கு.

போக்சனின் கீழ் முதல் துணைவராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபிலே வந்தவர். மீன்களின் இடங்களை நுண்மையாக அளந்து பட்டியல் ஆக்குவது அந்நாளில் நிலையத்தின் பெரும்பணி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை நிரல்படுத்திய அந்த வேலையில் ஓர் இரவின் குறிப்பை மற்றோர் இரவின் குறிப்போடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சலிப்புத் தரும் வேலை. அந்தச் சலிப்பின் நடுவே 1867-இல், வலைமண்டலத்து மீன் ஒன்று எப்போதும் ஒரே ஒளியோடு இருப்பதில்லை என்பதை ரகுநாதாச்சாரி கண்டுபிடித்தார். அந்த மீனுக்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். ஏறத்தாழ 278 நாட்களுக்கு ஒருமுறை அது பெருகி ஒளிர்ந்து, பின்பு மங்கி, மீண்டும் ஒளிர்கிறது. மிகுந்து ஒளிரும் நாளில் சிறு இருகண் தொலைநோக்கியிலேயே அகப்படும். மங்கிய நாளிலோ பெரிய கருவிக்கும் எளிதில் அகப்படாதபடி பல நூறு மடங்கு ஒளி குன்றிவிடும். முதுமையடைந்து செந்நிறமாகப் பருத்த மீன் அது. அதன் உடல் விம்முவதும் சுருங்குவதுமே இந்த மாற்றத்துக்குக் காரணம்.

1872-இல் இலண்டன் அரச வானநூற் கழகம் ரகுநாதாச்சாரியைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1874-இல் வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை விளக்கி, பொதுமக்களுக்காக அவர் ஒரு சிறுநூல் எழுதினார். அது பல மொழிகளில் வெளிவந்தது. 1880-இல் அவர் மறைந்தார். நம்முடைய பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் வரவில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே நீங்கள் குழம்பிவிடக் கூடாது. ரகுநாதாச்சாரி கண்ட மீனும் நான் சொல்லும் கொத்தும் வானத்தில் அருகருகே தோன்றுகின்றனவே தவிர, அவை அண்டை வீட்டார் அல்லர். அம்பத்தூர் நிலையத்தின் மேடையில் இரவில் நின்று மேற்கே பாருங்கள். அருகிலே ஒரு கைகாட்டி விளக்கு. அதை ஒட்டினாற்போல் மற்றொரு ஒளிப்புள்ளி. அது திருமுல்லைவாயிலையும் அண்ணனூரையும் தாண்டி ஆவடியிலிருந்து வரும் வண்டியின் விளக்காக இருக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒட்டி நிற்கும். நடுவிலே பல கிலோமீட்டர். ஆர் ரெட்டிகுலி நம் பால்வீதிக்கு உட்பட்டது, கைகாட்டி விளக்கைப் போல. வலைக் கொத்தோ மகெல்லன் மேகத்தைச் சார்ந்தது.

அந்தக் கொத்து 1970-களில்தான் உலகுக்குத் தெரியவந்தது. அர்ஜென்டினா நாட்டு வானநூலார் செர்சிக் தென்வானத்து ஒளிப்படங்களை ஆராயும்போது அதைச் சுட்டிக் காட்டினார். பால்வீதியிலுள்ள உருண்டைக் கொத்துகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சர்க்கரையைக் குவித்தாற்போல், நடுவில் பிரித்தறிய முடியாத நெருக்கம். வலைக் கொத்து அப்படி அன்று. கை தவறிக் கொட்டிய சர்க்கரையைப் போல் கலைந்து கிடக்கிறது. அதன் நடுவிலுங்கூட மீன்களைத் தனித்தனியே எண்ணலாம். அதனால்தான் அத்தனை காலம் எவர் கண்ணிலும் படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர் சிலரோடு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குச் சென்றிருந்தேன். சவ்வாது மலையில், காட்டின் நடுவே, வைணு பாப்பு வானோக்கு நிலையம் அங்கே இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறந்துவைக்கப்பட்டது. இந்நிலையம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், 12.5 பாகை வடக்கில் அமைந்திருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி அதற்கு எட்டும். 1987 பிப்ரவரியில் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு மீன் வெடித்துச் சிதறியது. 1604-க்குப் பிறகு வெறுங் கண்ணுக்குத் தெரிந்த முதல் வெடிப்பு அதுவே. அடிவானத்துக்கு மேல் 8 பாகையே உயர்ந்த அந்த ஒளியைக் காவலூர் அறிஞர்கள் பிடித்து நிறமாலை எடுத்து ஆராய்ந்தார்கள். நாங்கள் சென்ற அன்று வானம் மூடிக்கொண்டது. ஒன்றும் பார்க்க முடியவில்லை. திரும்பும் வழியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, வானத்தில் அத்தனை மீன்கள் சிதறிக் கிடக்கும்போது, சிலவற்றை மட்டும் ஒரு கொத்து என்று எப்படிச் சொல்கிறார்கள்? தற்செயலாக ஒரே பக்கத்தில் தெரியக் கூடாதா?" என்று கேட்டாள். அவ்வளவு கூர்மையான கேள்வியை ஒன்பதாம் வகுப்பில் நான் அதிகம் கேட்டதில்லை. அவளுக்குப் பேருந்தில் சொன்ன விடையையே சற்று விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் தூரம். வலைக் கொத்திலே ஒளி மாறும் மீன்கள் உண்டு. இதுவரை 32 அறியப்பட்டிருக்கின்றன. ரகுநாதாச்சாரியின் மீன் 278 நாளில் செய்வதை இவை அரை நாளில், ஏறக்குறைய 7 மணி முதல் 18 மணி நேரத்துக்குள், செய்துவிடும். இந்த இனத்துக்கு ஆர்.ஆர். லைரா மீன்கள் என்று பெயர். சில மணி நேரத்தில் சட்டென்று ஒளி ஏறும். பின்பு மெல்ல மெல்லத் தணியும். இவற்றின் அருமை என்னவென்றால், இந்த இனத்து மீன்கள் எல்லாம் உண்மையில் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி உடையவை. நம் கதிரவனைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. இயல்பான ஒளி தெரிந்துவிட்டால், நமக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் விளக்கை 100 மீட்டருக்குத் தள்ளிவைத்தால் அதன் ஒளி பத்தில் ஒன்றாக அன்று, நூறில் ஒன்றாகக் குறையும். இது எட்டாம் வகுப்புக் கணக்கு.

வலைக் கொத்திலுள்ள இந்த மீன்கள் ஏறத்தாழ 19-ஆம் தரத்தில் தெரிகின்றன. நம் கண் காணக்கூடிய கடைசித் தரம் 6. இரண்டுக்கும் இடையில் 13 தரம். போக்சன் கணக்குப்படி முதல் ஐந்துக்கு 100 மடங்கு, அடுத்த ஐந்துக்கு மீண்டும் 100, ஆக 10,000. எஞ்சிய மூன்றுக்கு ஏறத்தாழ 16 மடங்கு. பெருக்கினால் 1,60,000. அதாவது, கண்ணுக்கு அரிதில் தெரியும் மீனைவிட 1,60,000 மடங்கு மங்கல். தூரமும் ஏறத்தாழ மகெல்லன் மேகத்தின் தூரமே, அந்த 1,60,000 ஒளியாண்டையொட்டியே வருகிறது. இரண்டு எண்களும் ஒன்றாக அமைந்தது முற்றிலும் தற்செயல். அதிலே ஒரு மருமமும் தேட வேண்டாம். ஆனால் 32 மீன்களும் ஏறக்குறைய ஒரே தரத்தில் நிற்பது தற்செயல் அன்று. ஒரே இயல்பொளி உடையவை ஒரே அளவு மங்கித் தெரிந்தால், அவை ஒரே தூரத்தில் இருக்கின்றன என்பதுதானே பொருள்?

இரண்டாவது, ஓட்டம். ஒரே தூரத்தில் இருந்தாலும் வழிப்போக்கர் சந்தித்துக்கொண்டதாக இருக்கலாம் அல்லவா? ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தால், மீன் நம்மைவிட்டு எத்தனை வேகத்தில் விலகுகிறது என்று தெரியும். கொத்தின் மீன்கள் சேர்ந்தாற்போல் நொடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகின்றன. பெரிய மகெல்லன் மேகமோ ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மேகத்தின் நடுவிலிருந்து இந்தக் கொத்து 30,000 ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருந்தும், வேகத்தில் உறவு தெரிகிறது. எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஐரோப்பியரின் காயா விண்கலம் அளந்து சொன்னது. 2013-இல் ஏவப்பட்ட அந்தக் கலம் 2025-இல் தன் பணியை முடித்துக்கொண்டது.

மூன்றாவது, வயது. இதைச் சற்று நின்று கேளுங்கள். கார்த்திகைத் திருநாளில் ஒரு தெரு முழுவதும் ஒரே நேரத்தில் விளக்கேற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகல்கள் பலவகை. பெரிய அகலில் எண்ணெய் மிகுதி. ஆனால் அதன் திரியோ மிகமிகத் தடிப்பு. ஆகவே பெரிய சுடரோடு எரிந்து முதலில் அணைந்துவிடும். சிற்றகலில் எண்ணெய் குறைவு, திரி நூல்போல மெல்லியது, விடியும்வரை நின்றெரியும். நீங்கள் நடு இரவில் அந்தத் தெருவுக்கு வருகிறீர்கள். ஏற்றிய நேரம் உங்களுக்குத் தெரியாது. ஆயினும், எத்தனை பெரிய அகல்வரை அணைந்திருக்கிறது, எது இன்னும் எரிகிறது என்று பார்த்தால், ஏற்றி எத்தனை நாழிகை ஆயிற்று என்று சொல்லிவிடலாம். விண்மீன்களும் இவ்வாறே. கதிரவனைப்போல் 10 மடங்கு எடையுள்ள மீன் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் எரிந்து முடியும். கதிரவன் 1,000 கோடி ஆண்டு எரிவான். வலைக் கொத்தில் கதிரவன் அளவுள்ள மீன்களும் தம் வாழ்நாளை முடித்துவிட்டன. கதிரவனின் எடையில் பத்தில் எட்டுப் பங்கும் அதற்குக் குறைவும் உள்ள சிற்றகல்களே இன்னும் ஒழுங்காக எரிகின்றன. இதிலிருந்து கொத்தின் வயது 1,200 முதல் 1,300 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஏற்றப்பட்டன என்பதும் இதனால் விளங்கும். நம் கதிரவனின் வயது 460 கோடி. பேரண்டத்தின் வயதே 1,380 கோடிதான்.

தூரம், ஓட்டம், வயது என்னும் மூன்றும் ஒத்துவந்தால்தான் கொத்து; ஒத்துவராவிட்டால் அது தற்செயல் கூட்டம். இப்படிச் சொல்வது வெறும் எச்சரிக்கை அன்று. சென்னை வானோக்கு நிலையத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. அந்த மரபின் வழியாக 1971-இல் இந்திய வானியற்பியல் கழகம் உருவாகிப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. காவலூர் நிலையமும் அதனுடையதே. அந்தக் கழகத்தைச் சேர்ந்த அன்னபூரணி சுப்பிரமணியமும் அவருடன் உழைத்தவர்களும், சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கி ஒன்றின் படங்களைக் கொண்டு, பெரிய மகெல்லன் மேகத்தில் 'கொத்து' என்று முன்னோர் பட்டியலில் எழுதிவைத்த 45 மங்கிய கூட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் 33-க்கே வயது முதலிய அளவுகளைக் காண முடிந்தது. எஞ்சிய 12-ஐயும் கொத்து என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. மறு ஆண்டு 1,072 கொத்துகளின் அளவுகளை அவர்கள் கணித்துத் தந்தார்கள். ரகுநாதாச்சாரி வேலைசெய்த நிறுவனத்தின் வழித்தோன்றல்கள் அதே தென்வானத்தில் அதே பொறுமையோடு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவது மிகக் குறைவு. ராக்கெட் மேலே பறந்தால் எழுதுகிறார்கள்.

சரி, ஒரு மங்கிய கொத்தின் வயதை அறிந்து என்ன பயன்? இங்கேதான் ஒரு புதிர் இருக்கிறது. அறிஞர்கள் இன்னும் அதனோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மகெல்லன் மேகத்தில் வலைக் கொத்தைப் போன்ற மிகப் பழைய கொத்துகள் ஏறத்தாழ 15 உள்ளன. அவை எல்லாம் 1,200 கோடி ஆண்டையொட்டிய வயதுடையவை. அதன் பின்பு 300 கோடி ஆண்டுக்கு உட்பட்ட கொத்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில், 700 அல்லது 800 கோடி ஆண்டு நீளமுள்ள பெருங்காலத்தில், கொத்துகள் இல்லை என்றே சொல்லலாம். ஒன்றே ஒன்றுதான் நெடுநாளாக விதிவிலக்காகச் சொல்லப்பட்டு வந்தது. ஒரு பழங்கோயிலின் மதிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன; பின்பு நேற்று வெட்டிய கல் இருக்கிறது; நடுவில் எண்ணூறு ஆண்டுக்கு ஒரு வரிகூட இல்லை என்றால், வரலாற்றாசிரியர் என்ன நினைப்பார்? ஊரில் மக்களே இல்லையா, அல்லது இருந்தும் எழுதவில்லையா, எழுதியதை யாரேனும் பெயர்த்து எடுத்துவிட்டார்களா?

மக்கள் இருந்தார்கள் என்பது தெரிந்துவிட்டது. அந்த இடைக்காலத்திலும் மகெல்லன் மேகத்தில் தனி விண்மீன்கள் பிறந்தே வந்திருக்கின்றன. கொத்துகளாக நிலைத்தவைதாம் இல்லை. கொத்துகள் பிறக்கவே இல்லையா, பிறந்து சிதைந்துபோயினவா? கொத்து என்பது இரும்புப் பெட்டியில் வைத்த பொருள் அன்று. தாயண்டத்தின் ஈர்ப்பு அதன் மீன்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். வலைக் கொத்தைப் போலக் கலைந்து கிடக்கும் கொத்து நடுவூரில் இருந்திருந்தால் எளிதில் கரைந்திருக்கும். அது எஞ்சி நிற்பதற்கு அதன் ஒதுக்கமே துணையாயிற்று எனக் கருதலாம். 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கொத்துகள் திடீரென்று பெருகியதற்கு, பெரிய மேகமும் சிறிய மகெல்லன் மேகமும் ஒன்றையொன்று நெருங்கியதே காரணம் என்பார் பலர். பொருத்தமான விளக்கமாகவே எனக்கும் படுகிறது. ஆனால் இடைக்காலத்து மௌனத்துக்கு அது விடையாகாது. உங்களில் யாரேனும் ஒருவர் அந்த விடையைக் காண நேர்ந்தால், அப்போது வானொலியில் பேசவேண்டியவர் அவரே.

வலைக் கொத்தை நீங்கள் காண முடியாது. ஆனால் ரகுநாதாச்சாரியின் மீனைக் காண முயலலாம். நகரத்து ஒளியிலிருந்து விலகி, தெற்கே மறைப்பில்லாத ஏரிக்கரை ஒன்றில், பெரியவர் ஒருவரின் துணையோடு, ஓர் இருகண் தொலைநோக்கியும் நல்ல விண்மீன் படமும் கொண்டு தேடுங்கள். பொங்கல் இரவில் அது 14 பாகை உயரத்தில், வலைக் கொத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். அது ஒளிரும் காலமாக இருந்தால் சிறிய புள்ளியாகத் தெரியும். மங்கிய காலமாக இருந்தால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். வெறுமையாக இருந்தாலும் நாளையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதி, 'தெரியவில்லை' என்று பதியுங்கள்; அதுவும் ஒரு குறிப்புத்தான். ஒளி மாறும் மீன்களை நோக்குவோர்க்கென்று 1911-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றியது. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆர்வலர்கள் அனுப்பும் இத்தகைய குறிப்புகளை அது இன்றும் பெற்றுச் சேர்த்துவைக்கிறது.

ஒரு சிறு கணக்கோடு விடைபெறுகிறேன். ஆர் ரெட்டிகுலி ஒரு பொங்கலன்று, சனவரி 15-இல், உச்ச ஒளியில் இருந்தது என்று கொள்ளுங்கள். 278 நாள் கூட்டினால் அடுத்த உச்சம் அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். அப்போது அதைக் காண நள்ளிரவுக்குப் பின்பு விழித்திருக்க வேண்டும். மேலும் 278 நாள் கூட்டினால் அடுத்த ஆண்டு சூலை 25. அந்நாளில் அது விடியலுக்குச் சற்று முன்புதான் தென்கிழக்கு அடிவானத்தில் எழும். எழுந்தவுடன் வைகறை வெளிச்சத்தில் மறைந்துவிடும். அந்த ஆண்டின் உச்சத்தை ஆவடியில் இருந்தாலும் நுங்கம்பாக்கத்தில் இருந்தாலும் காண முடியாது. குறிப்பேட்டில் அந்த வரிக்கு எதிரே என்ன எழுதுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.